ரோஜா நின்ற குழியில் ரோஜா வளருமா?

ஒரு புதிரோடு தொடங்குவோம்.

ஒரு பெரிய தோட்டம். அதில் முப்பது ஆண்டுகளாகப் பூத்துவந்த ஒரு ரோஜாச் செடி பட்டுப்போகிறது. தோட்டக்காரர் அதை வேரோடு தோண்டி எடுக்கிறார். அதே குழியில் அன்றைக்கே ஒரு புதிய ரோஜாக் கன்றை நடுகிறார். நோயில்லாத, நல்ல கன்றுதான். மக்கிய எரு போடுகிறார். தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார். ஓராண்டு போகிறது. கன்று சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. இன்னும் கொஞ்சம் எரு போடுகிறார். மறு ஆண்டும் அதே கதை. பொறுமை இழந்து அதைப் பிடுங்கிப் பார்த்தால், வேர்கள் குட்டையாகவும் கறுத்தும் இருக்கின்றன. நுனியில் இருக்க வேண்டிய வெள்ளைச் சல்லிவேர்களைக் காணவே காணோம்.

அதே நாளில் வாங்கிய இன்னொரு கன்றைப் பத்தடி தள்ளி, முன்பு முட்டைக்கோஸ் விளைந்த இடத்தில் நட்டிருந்தார். அது இடுப்பளவு வளர்ந்து பூத்து நிற்கிறது. இரண்டுக்கும் வெயில் ஒன்று, மழை ஒன்று, எரு ஒன்று, தோட்டக்காரரும் ஒருவரே. பின் ஏன் இந்த வேறுபாடு?

"பழைய செடி மண்ணில் இருந்த சத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டது" என்று சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். எரு போட்டும் பயனில்லை என்பதை மறக்க வேண்டாம். விடையைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், இத்தகைய புதிர்கள் அடிக்கடி தலைகாட்டும் ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கென்ட் என்று ஒரு மாவட்டம். அங்கே சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் என்னும் பாழடைந்த பழைய மாளிகையை 1930-ஆம் ஆண்டு எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் அம்மையாரும் அவருடைய கணவர் ஹரால்டு நிக்கல்சனும் விலைக்கு வாங்கினார்கள். உயர்ந்த ஒரு செங்கல் கோபுரம், இடிந்த சுவர்கள், மலைபோல் குப்பை ஆகியவைதான் அங்கே இருந்தன. குப்பையை அகற்றவே சில ஆண்டுகள் பிடித்தன. கணவர் கயிறு பிடித்துப் பாதைகளையும் வேலிகளையும் வகுத்தார். மனைவி செடிகளைத் தேர்ந்தெடுத்தார். அம்மையாருக்குப் பழங்கால ரோஜா வகைகள் மீது தீராத ஆசை. அவை பெருகப் பெருக இடம் போதாமல், 1930களின் பிற்பகுதியில் அவற்றைப் பழைய காய்கறித் தோட்டத்துக்கு மாற்றினார். ஆண்டாண்டாக எரு போட்டுப் பண்படுத்திய மண் அது. ரோஜாக்கள் அங்கே செழித்தன. 1967-இல் இந்தத் தோட்டம் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. இன்று உலகெங்கும் இருந்து மக்கள் வந்து பார்க்கிறார்கள்.

இந்தத் தோட்டத்தில் வெள்ளைப் பூக்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதன் நடுவில் சில வாதுமை மரங்கள் நின்றன. (நம் ஊர்த் தெருக்களில் பாதாம் மரம் என்று சொல்கிறோமே, அகன்ற இலையும் சிவந்த காயும் உள்ள மரம், அது அல்ல. அது வேறு குடும்பம். இது கடையில் விற்கும் பாதாம் பருப்பைத் தரும் உண்மையான வாதுமை.) அந்த மரங்களின் மேல் கொடி ரோஜாக்களை ஏற்றிவிட்டார்கள். மரத்தின் மேல் வெள்ளைப் பூங்கூரை! சில ஆண்டுகள் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. ஆனால் கொடி ஆண்டுதோறும் கனத்தது. அதன் இலைகள் மரத்தின் இலைகளுக்கு மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைத்தன. வெளிச்சம் இல்லையேல் ஒளிச்சேர்க்கை இல்லை. ஒளிச்சேர்க்கை இல்லையேல் மரத்துக்கு உணவில்லை. வாதுமை மரங்கள் நலிந்து போயின. 1970-ஆம் ஆண்டையொட்டி அந்த இடத்தில் ஓர் இரும்புச் சட்டகம் எழுந்தது. அதை வடிவமைத்தவர் அந்தத் தம்பதியின் மகன் நைஜல். ரோசா முல்லிகானி என்னும் வெள்ளைக் கொடி ரோஜா இப்போது அந்த இரும்பின் மேல் படர்கிறது. இரும்புக்கு வெளிச்சம் வேண்டியதில்லை அல்லவா?

இங்கே பிழை எங்கே? மரம் நல்ல மரம், ரோஜாவும் நல்ல ரோஜா. நட்ட அன்று இரண்டும் பொருத்தமாகவே இருந்தன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கில்தான் பிழை. எனவே அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் மண்வெட்டியைத் தொடும் முன் பென்சிலைத் தொடுகிறார்கள். தோட்டத்தின் வரைபடத்தில் புதிய மரம் இன்று இருக்கும் அளவுக்கு ஒரு புள்ளி வைக்கிறார்கள்; முழுதாக வளர்ந்தபின் அதன் கிளைகள் பரவும் அளவுக்கு அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார்கள். அதற்கும் வெளியே இன்னொரு வட்டம் வேண்டும். அது வேருக்கு. மரத்தின் வேர்கள் கிளைகளைப் போலத் தலைகீழாக ஆழத்தில் இறங்கியிருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பாடப்புத்தகப் படங்களும் சில சமயம் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள், கிளைகளின் எல்லையையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. ரோஜா இந்த இரண்டு வட்டங்களுக்குள்ளும் வந்தால் நிழலும் தாகமும் சேர்ந்து அதை வாட்டும்.

பெரிய தோட்டத்தில் மரங்கள் ஏற்கெனவே இருக்குமே, புதிய மரங்கள் எதற்கு என்று கேட்பீர்கள். மரங்களும் மூப்படைகின்றன, நோய்வாய்ப்படுகின்றன. 1960களின் இறுதியில் பிரிட்டனில் பரவத் தொடங்கிய ஒரு பூஞ்சை நோய், அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டரைக் கோடிக்கும் மேலான எல்ம் மரங்களை அழித்தது. பிறகு 1987 அக்டோபர் 15-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் ஒரு பெரும் புயல் வீசியது. விடிவதற்குள் தென்கிழக்கு இங்கிலாந்தில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. கென்டில் 'ஏழு ஓக்குகள்' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட செவனோக்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அதன் அடையாளமாக நின்ற ஏழு ஓக் மரங்களில் ஆறு அன்று விழுந்தன! காற்றின் வேகம் மட்டும் காரணமல்ல. மரங்கள் இன்னும் இலை உதிர்க்காததால் ஒவ்வொன்றும் ஒரு பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொண்டது. முன்னதாகப் பெய்த மழையால் மண்ணும் ஊறி நெகிழ்ந்திருந்தது.

இப்படி வெறுமையாகிப்போன தோட்டத்தின் சொந்தக்காரருக்கு என்ன தோன்றும்? எவ்வளவு பெரிய கன்று கிடைக்குமோ அதை வாங்கி நட்டு, வெறுமையைச் சீக்கிரம் மறைக்க வேண்டும் என்றுதான் தோன்றும். பணமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் இங்கே தாவரவியல் குறுக்கே நிற்கிறது.

நாற்றங்காலில் வளர்ந்த மரத்தைத் தோண்டி எடுக்கும்போது அதன் வேர்களில் பெரும்பகுதி மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் ஓரங்களில்தான் இருக்கின்றன, போவதும் அவைதாம். மேலே கிளையும் இலையும் முன்போலவே நீர் கேட்கும். கீழே கொடுப்பதற்கு வேர் இல்லை. இழந்த வேரை மீட்கும்வரை மரம் மேலே வளராமல் நிற்கும். குளிர்நாடுகளில் இதற்கு ஓர் உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அடிமரத்தின் விட்டத்தில் ஒவ்வோர் இரண்டரை சென்டிமீட்டருக்கும் ஓர் ஆண்டு. நீங்களே கணக்குப் போடுங்கள். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம் தன்னைச் சரிசெய்துகொள்ள நான்கு ஆண்டுகள் ஆகும். விரலைவிடச் சற்றே பருத்த இரண்டரை சென்டிமீட்டர் கன்று ஓராண்டில் வேரூன்றி, இரண்டாம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிடும். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் சிறிய கன்று பெரியதை எட்டிப் பிடித்திருப்பதும், சில சமயம் முந்தியிருப்பதும் உண்டு. ஆமையும் முயலும் கதைதான்.

நடும் காலமும் இதே காரணத்தால்தான் முடிவாகிறது. இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை இலையுதிர் மரங்களும் ரோஜாக்களும் உறங்குகின்றன. இலை இல்லாததால் நீராவிப் போக்கு மிகக் குறைவு. அந்த மாதங்களில் கன்றை மண்ணே இல்லாமல், வெறும் வேரோடு, ஈரக் கோணியில் சுற்றி அனுப்புகிறார்கள்! நம் ஊரில் பாலித்தீன் பையில் மண்ணோடு வரும் ரோஜாவைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விந்தையாக இருக்கும். ஆனால் உறங்கும் செடிக்கு இதனால் கேடில்லை. மண் உறைந்து கிடக்கும் நாட்களை மட்டும் தவிர்க்க வேண்டும். வசந்தத்தில் மொட்டுகள் விரியும்போது வேர் ஓரளவு தயாராகிவிடும்.

நட்ட மரத்துக்கு முட்டுக்கொம்பு கட்டுவது பற்றி ஒரு சுவையான செய்தி. கழுத்துவரை இறுகக் கட்டி, அசையாமல் நிறுத்துவதே பாதுகாப்பு என்று தோன்றும். தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலத் தோட்டக்கலை அறிஞர் சில இளம் ஆப்பிள் மரங்களைக் கட்டிவைத்துச் சோதித்தார். சில மரங்கள் வடக்கு தெற்காக மட்டுமே ஆட முடியும்படி கட்டினார். 1803-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, அந்த மரத்தின் தண்டு வட்டமாகப் பருக்கவில்லை. ஆடிய திசையில் 13 பங்கு என்றால் மறு திசையில் 11 பங்கு என்று நீள்வட்டமாகப் பருத்தது. அதாவது, எங்கே அசைவு இருக்கிறதோ அங்கே மரம் கட்டை சேர்க்கிறது. ஆகவேதான் இன்று கொம்பைத் தாழ்வாக, மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் அடிக்கிறார்கள். அடி அசையக் கூடாது, புதுவேர் அறுந்துவிடும். தலை அசைய வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் கொம்பை எடுத்துவிடவும் வேண்டும். எடுக்க மறந்த கயிறு மரத்தின் பட்டையை இறுக்கி வெட்டியிருப்பதை நம் சாலையோரங்களிலேயே காணலாம்.

இனி ரோஜாவுக்கு வருவோம்.

தோட்டக்கடையில் நீங்கள் வாங்கும் ஒட்டு ரோஜா ஒரு செடி அல்ல, இரண்டு செடிகள். வேர் ஒரு முரட்டுக் காட்டு ரோஜாவினுடையது. மேலே இருப்பது நாம் விரும்பும் பூவைத் தரும் வகை. காட்டு ரோஜாவின் தண்டில் பட்டையை 'டி' என்ற ஆங்கில எழுத்து வடிவில் கீறி, நல்ல வகையிலிருந்து எடுத்த ஒரே ஒரு மொட்டை அதற்குள் செருகிக் கட்டுகிறார்கள். இரண்டின் கேம்பியம் திசுக்களும் தொட்டு இணைகின்றன. பிறகு காட்டுச் செடியின் தலையை வெட்டிவிட்டால், அந்த வேர் முழுவதும் இந்த மொட்டுக்கே உழைக்கிறது. இணைந்த இடம் கணுப்போல் புடைத்திருக்கும். இங்கிலாந்தில் உறைபனிக்கு அஞ்சி இதை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே புதைப்பார்கள். நம் வெப்பநாட்டில் மண்ணுக்கு மேலே தெரியும்படி வைப்பதே வழக்கம்.

ஆனால் கீழே இருக்கும் காட்டுச் செடி தன் சொந்தத் தளிரை விட மறப்பதில்லை. "சிவப்பு ரோஜாதான் வாங்கினோம், மூன்றாம் வருஷம் ஏதோ சின்னப் பூவாகப் பூக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று வீட்டில் பேசிக் கேட்டிருப்பீர்கள். பாவம் கடைக்காரர்! வேரிலிருந்து கிளம்பிய தளிரை நீங்களே வளர்த்துவிட்டிருக்கிறீர்கள். ஏழு சிற்றிலை இருந்தால் அது காட்டுத் தளிர் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். ஏழு சிற்றிலையுள்ள நல்ல வகைகளும் பல உண்டு. மண்ணை விலக்கி, தளிர் ஒட்டுக் கணுவுக்குக் கீழிருந்து வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதை வெட்டாமல், பிறந்த இடத்தோடு சேர்த்துப் பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் அடியில் எஞ்சிய மொட்டுகளிலிருந்து மீண்டும் முளைக்கும்.

இப்போது நம் புதிருக்கு வந்துவிட்டோம்.

ரோஜா நின்ற இடத்தில் ரோஜா வளராததைத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 'மண்ணுக்கு ரோஜா நோய்' என்பார்கள். சத்துக் குறைவு காரணம் அல்ல என்பதை எப்படிக் கண்டார்கள்? மிக எளிய சோதனை. அந்த மண்ணைச் சூடேற்றியோ கதிர்வீச்சு செலுத்தியோ அதிலுள்ள உயிர்களை அழித்தார்கள். புதிதாக ஒரு சத்தும் சேர்க்கவில்லை. அதில் நட்ட ரோஜா நன்றாக வளர்ந்தது! ஆக, குற்றவாளி மண்ணின் உப்பு அல்ல, மண்ணில் வாழும் ஏதோ ஓர் உயிர்.

யார் அந்த உயிர்? ஒரே பெயரைச் சொல்ல முடியவில்லை. வேரைத் துளைக்கும் நூற்புழுக்கள், பித்தியம் போன்ற பூஞ்சை ஒத்த நுண்ணுயிர்கள், பலவகைப் பூஞ்சைகள், ஆக்டினோ பாக்டீரியங்கள் என்று ஒரு கும்பலே சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. இடத்துக்கு இடம் கும்பலின் சேர்க்கையும் மாறுகிறது. இதுதான் ஆராய்ச்சியாளர்களைத் திணறடிக்கிறது. ஆனால் நடப்பது என்ன என்பது விளங்குகிறது. ஒரே செடி ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும்போது, அதன் வேரைத் தின்று வாழக்கூடிய உயிர்கள் அதைச் சுற்றிப் பெருகுகின்றன. பழைய செடிக்கு வேர் ஏராளம். நூறு போனாலும் ஆயிரம் இருக்கும். புதுக் கன்றுக்கு இருப்பதே பத்து சல்லிவேர். பசித்த கூட்டத்தின் நடுவே அதை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? வேர் வரவர அரிபடுகிறது. வேர் இல்லாத செடிக்கு எவ்வளவு எரு போட்டு என்ன பயன்? வாயைக் கட்டிவிட்டு விருந்து வைத்ததுபோல்தான்.

வியப்பு என்னவென்றால், அதே மண்ணில் வேறு குடும்பச் செடிகளுக்குப் பெரும்பாலும் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் ஆப்பிள் தோப்பில் பழைய மரத்தை எடுத்துவிட்டு ஆப்பிள் நட்டால் இதே கதை நடக்கிறது, செர்ரியிலும் உண்டு. ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம், பீச், வாதுமை எல்லாம் ரோஜாவின் உறவினர்கள். ரோசேஸி என்னும் ஒரே குடும்பம். நம் வாதுமை மரமும் அதன்மேல் ஏறிய ரோஜாவும்கூடப் பங்காளிகள்தாம்! பூவின் ஐந்து இதழ்களையும் நடுவிலுள்ள ஏராளமான மகரந்தத் தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உறவு புரியும். இதற்குக் கடைகளில் விற்கும் ரோஜாக் கொத்து உதவாது. அதில் மகரந்தத் தாள்கள் பல இதழ்களாக மாறிப்போயிருக்கும். காட்டு ரோஜாவின் படத்தைத் தேடிப் பாருங்கள்.

அப்படியானால் பழைய ரோஜாத் தோட்டத்தில் புது ரோஜாவே நட முடியாதா? முடியும், முதுகு வலிக்கும். குறைந்தது 45 சென்டிமீட்டர் ஆழமும் 60 சென்டிமீட்டர் அகலமும் தோண்டி, அந்த மண்ணை முழுக்க அள்ளிவிட்டு, ரோஜாக் குடும்பம் வளராத இடத்து மண்ணால் நிரப்ப வேண்டும். அள்ளிய மண்ணை வீணாக்க வேண்டியதில்லை; காய்கறிப் பாத்திக்குப் போடலாம். ஒரு கெட்டிக்காரத் தந்திரமும் உண்டு. குழிக்குள் ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி, அதில் புது மண்ணை நிரப்பி, அதற்குள் ரோஜாவை நடுகிறார்கள். பெட்டி மக்கிப்போகச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் கன்று போதிய வேர் பிடித்துவிடும். பிறகு பகைவர்களைச் சந்தித்தாலும் தாக்குப்பிடிக்கும். ஒரு ரோஜாவுக்கு இவ்வளவு என்றால், நூற்றுக்கணக்கில் ரோஜா வைத்திருக்கும் தோட்டத்தில் எத்தனை வண்டி மண் என்று எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, பூக்களைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்த வேலையைப் பற்றி நினைப்பதே இல்லை.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பல ஆண்டுகளாக நிற்கும் ரோஜாச் செடி இருந்தால், நீங்களே இதைச் சோதிக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று தொட்டிகள் வேண்டும். முதல் தொட்டியில் அந்த ரோஜாவின் வேரருகே எடுத்த மண். இரண்டாவதிலும் அதே மண்தான், ஆனால் இதைத் துணியில் கட்டி, சமையலுக்குப் பயன்படாத பழைய இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். ஆறியபின் இரண்டு வாரம் திறந்து போட்டுவிடுங்கள்; சூட்டினால் மண்ணில் உண்டாகும் சில வேண்டாத மாற்றங்கள் அதற்குள் தணியும். மூன்றாவதில் ரோஜாவே வளராத இடத்து மண். மூன்றிலும் ஒரே செடியிலிருந்து வெட்டி வேர்பிடிக்க வைத்த பதியன்களை நடுங்கள். வெவ்வேறு செடிகளாக இருந்தால் வேறுபாடு மண்ணாலா, பரம்பரையாலா என்று சொல்ல முடியாமல் போகும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தொட்டிக்குப் பதில் மூன்று வைத்தால் இன்னும் நல்லது.

ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உயரத்தையும் இலைகளின் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். ஆறு மாதம் கழித்துச் செடிகளை மெல்ல எடுத்து, வேரை நீரில் கழுவி, வெள்ளைத் தாளின்மேல் பரப்பிப் பாருங்கள். எல்லா மண்ணிலும் இந்த நோய் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே முதல் தொட்டிச் செடியும் நன்றாகவே வளர்ந்துவிடலாம். அப்படி ஆனால் அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.